இளைத்துப்போன வலது கை

அளவு இல்லாவிட்டால் மனிதகுலமே இல்லை. பிரமிடு எழுந்ததும் அளவால்தான், மனிதன் நிலவில் இறங்கியதும் அளவால்தான். இந்த மாபெரும் உண்மையைத் தனசிங் பெரியப்பா அறிவித்தபோது, அவர் கையிலிருந்த டேப் தலைகீழாக இருந்தது.

"பெரியப்பா, எண்ணெல்லாம் கவுந்திருக்கு," என்றாள் எப்சி.

"தெரியும்மா. கவனிக்கிறியான்னு பார்த்தேன்."

பெரியப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் செய்தால் அதற்குப் பெயர் தப்பு அல்ல, சோதனை.

எப்சிக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருடம் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது இடது அக்குளில் சில நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டார்கள். அதனால் அந்தக் கையில் நீர் தேங்கி வீங்கலாம். "வீக்கம் தெரிஞ்சா அன்னைக்கே வாங்க. தள்ளிப்போட்டா வடிய வைக்கிறது கஷ்டம்," என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள்.

இன்று காலை அம்மாவின் இடது கையில் ரவிக்கை விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது.

மாலை ஐந்தரைக்குத் தாம்பரத்தில் நாகர்கோவில் ரயில். சித்தி கல்யாணம். திரும்பிவரப் பத்து நாளாகும். கூடவே பயணம் செய்ய ஊரப்பாக்கத்திலிருந்து பெரியப்பாவும் ரத்தினபாய் பெரியம்மாவும் வந்துவிட்டார்கள். இன்று சனிக்கிழமை, மருத்துவமனை ஒரு மணி வரைதான். இப்போதே பதினொன்றரை.

எப்சி தன் மர ஸ்கேலால் அளந்து, முழங்கை மடிப்புக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே பேனாவால் புள்ளி வைத்தாள். பெரியப்பா டேப்பைச் சுற்றினார். அம்மா கண்களை மூடிக்கொண்டாள்.

"இருபத்தேழு! போன மாசம் எவ்வளவு?"

அம்மா மருத்துவமனை நோட்டைப் பார்த்தாள். "இருபத்தேழுதான், அத்தான்."

"அப்புறம் என்ன? பெட்டியைக் கட்டு, ஜெனி. இது சிங்கப்பூர் டேப். பொய் சொல்லாது."

அம்மாவின் முகம் தெளிந்தது. எப்சி மட்டும் அந்தச் சிவப்புத் தடத்தையே பார்த்தாள். அப்படியானால் ரவிக்கை பொய் சொல்கிறதா?

"வலது கையையும் அளங்க, பெரியப்பா."

"நல்லா இருக்கிற கையை எதுக்கு அளக்கணும்?"

"ஆஸ்பத்திரியில ரெண்டையும்தான் அளப்பாங்க."

அளந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் அளந்தார்.

"இருபத்துநாலே முக்கால்."

நோட்டில் வலது கைக்கும் இருபத்தேழு என்றுதான் இருந்தது.

"வலது கை இளைச்சிடுச்சு," என்று பெரியப்பா தீர்ப்பளித்தார். "சத்துக் குறைவு. தினம் ரெண்டு முட்டை சாப்பிடு, ஜெனி."

"அது எப்படிங்க? அதுதானே சாப்பிடுற கை!" என்றாள் பெரியம்மா.

எப்சி டேப்பை வாங்கி ஸ்கேல் மேல் நீட்டிவைத்தாள். ஸ்கேல் முப்பதில் முடிந்தது. அங்கே டேப் இருபத்தேழரைதான் காட்டியது.

"உன் ஸ்கேல் நீண்டிருக்கும்," என்றார் பெரியப்பா.

"மரம் எப்படி நீளும்? டேப்தான் இழுபட்டு நீண்டுடுச்சு. எதை அளந்தாலும் குறைச்சுக் காட்டுது. அம்மா, வலது கை இளைக்கலை. இடது கைதான் வீங்கியிருக்கு!"

அம்மா மெல்ல உட்கார்ந்தாள். "கல்யாணத்துக்கு நான் போகலேன்னா..."

"சித்திகிட்ட நான் பேசறேன். முதல்ல செருப்பைப் போடும்மா."

ஆட்டோ ஜி.எஸ்.டி. சாலையில் நெரிசலில் நின்றது. ஒவ்வொரு சிக்னலிலும் எப்சி மணி கேட்டாள். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நால்வரும் உள்ளே ஓடினார்கள்.

இயன்முறை மருத்துவர் கீதா இரண்டு கைகளையும் அளந்தார். வலது இருபத்தேழு. இடது இருபத்தொன்பதரை.

"இப்பவே வந்தீங்களே, நல்லதாப் போச்சு. தினம் வந்து கட்டு மாத்துங்க, வடிஞ்சிடும். பத்து நாள் விட்டிருந்தா பெரிய பாடு," என்றார் அவர். அம்மா எப்சியின் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கட்டுப் போட்டு முடித்த கீதா, எப்சி கொண்டுவந்திருந்த சிங்கப்பூர் டேப்பைத் தூக்கிப் பார்த்தார். "இது எப்படி சார் இவ்வளவு நீண்டுச்சு?"

"அது வந்து... தட்பவெப்ப மாறுதல்..." என்று பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

பெரியம்மா டேப்பைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

இரண்டு வருடமாக அது பெரியப்பாவின் பைஜாமாவில் நாடாவாக இருந்தது.