பூவிழி ராஜாவின் கபாய்

பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் பூவிழிதான் ராஜா. வகுப்பிலேயே அவளுக்குத்தான் உரத்த குரல். பழவேற்காடு ஏரியின் நடுவே போகும் படகைக்கூடக் கரையில் நின்றே கூப்பிட்டுவிடுவாள்.

“அந்தக் காலத்து ராஜாக்கள் சபைக்கு வரும்போது நீளமா ஒரு மேலங்கி போடுவாங்க. அதுக்குக் கபாய்னு பேரு,” என்றார் மேரி டீச்சர்.

அம்மா தேவகி தன் பழைய சிவப்புப் புடவையை வெட்டி, ஓரமெல்லாம் சரிகை வைத்து ஒரு கபாய் தைத்துக் கொடுத்தாள். பக்கவாட்டில் கட்டிக்கொள்ள நாடா. பூவிழி அதை யாரையும் தொட விடவில்லை.

விழா அன்று ஒரே புழுக்கம். உள்ளே சட்டைக்குப் பதில் நைனாவின் ஓட்டைப் பனியனை மாட்டிக்கொண்டாள்.

“மேலதான் கபாய் இருக்குதே! யாருக்குத் தெரியப் போவுது?”

நாடகம் தொடங்கியது. மூன்றாம் வகுப்பு லோகேஷ்தான் புலவர். ஒட்டுத் தாடியோடு வந்து, “மன்னா, வாழ்க!” என்று குனிந்தான். வேட்டி அவிழ்ந்து காலடியில் விழுந்தது. உள்ளே பொம்மை படம் போட்ட டவுசர்!

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். லோகேஷின் தாடி நடுங்கியது. வசனம் மறந்தே போனது.

பூவிழி நாடாவில் கை வைத்தாள். பனியன் ஓட்டை நினைவுக்கு வந்தது. கை நின்றது. லோகேஷின் கண்கள் நிரம்புவதைப் பார்த்தாள். சடக்கென்று நாடாவை இழுத்தாள்.

“புலவரே! உம் பாட்டுக்குப் பரிசாக என் கபாயையே தருகிறேன்!” என்று அவனுக்குப் போர்த்தினாள்.

“அக்கா, நான் இன்னும் பாடவே இல்லியே,” என்று கிசுகிசுத்தான் லோகேஷ்.

“போட்டுக்கோடா. அப்பால பாடு!”

கபாய் அவன் பாதம் வரை மூடியது. லோகேஷ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பாடினான். நன்றாகவே பாடினான். பனியன் போட்ட ராஜாவைப் பார்த்துச் சிரித்த கூட்டம், அப்புறம் கை தட்டியது.

“அது என் பனியன்!” என்று பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொன்னார் நைனா.

திரை விழுந்ததும் மேரி டீச்சர் ஓடி வந்தார். “ராஜாக்கள் தாங்கள் போட்டிருந்த அங்கியையே கழற்றிக் கொடுத்து மரியாதை செய்றது உண்டு. அது உனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கு இன்னா தெரியும் டீச்சர்? அவன் வேட்டி அவுந்துடுச்சு!”

டீச்சர் சிரித்தபடி அவளை அணைத்துக்கொண்டார்.

லோகேஷ் மெல்ல வந்தான். “அக்கா, இது நெஜமாவே எனக்கா?”

பூவிழி சரிகையை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். “உனக்குத்தான். தடுக்கி வுழாம போ.”

இரண்டு கைகளாலும் கபாயைத் தூக்கிப் பிடித்தபடி, தாடியைக்கூடக் கழற்றாமல், கடைத்தெரு வழியே வீட்டுக்கு நடந்தான் லோகேஷ்.