தொட்டித் தண்ணீரில் ஒரு பிடி

வெந்நீரைத்தான் திறந்துவிட்டிருந்தாள். ஆனாலும் அவள் நின்றிருந்த கண்ணாடித் தொட்டியின் தண்ணீர் கணுக்காலருகே மட்டும் சில்லிட்டது. என்னவென்று பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. அந்த விலங்கு மருத்துவமனையில், நடக்கமுடியாத நாய்களுக்கும் பூனைகளுக்கும் காலையிலிருந்து கால்களை நீட்டி மடக்கி இடுப்பு விட்டுப்போயிருந்தது. நனைந்த ரோமத்தின் வாடையும் மோட்டாரின் முனகலும் தண்ணீருக்கடியில் ஊர்ந்த நடைப்பயிற்சி ரப்பர் பட்டையின் சரசரப்பும் சேர்ந்து கண்ணைச் சொருக வைத்தன. பெரியவர் என்று அவள் கேலியாகக் கூப்பிடும் கிழட்டு நாய் பாதி மிதந்தபடி அவளையே பார்த்தது. முதுகில் அடிபட்டதிலிருந்து அதற்குப் பின்னங்கால்கள் இல்லாத மாதிரிதான். முட்டிபோட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பாதமாகத் தூக்கி, விரல் மடங்காமல் பட்டையில் பதியவைப்பது அவள் வேலை.

“இன்னைக்கும் நடக்கலைன்னா ஊசி போட்டு ஒரேயடியா அனுப்பிடலாம்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா,” என்றார், கதவருகே நின்றிருந்த நாயின் சொந்தக்காரர். “அது படுற பாட்டைப் பார்க்க முடியல.”

“கொஞ்சம் பொறுங்க சார். பெரியவர் இன்னைக்கு நல்ல மூடுல இருக்காரு.”

பொய்தான். நாய் சரிந்தது. இரண்டு கைகளாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டாள்.

அப்போது பின்னங்கால் ஒன்று எழுந்தது. முன்னால் போய்ப் பதிந்தது. பிறகு அடுத்தது. கதவருகே அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அவள் குனிந்து பார்த்தாள். நாயின் கணுக்காலைச் சுற்றி ரோமம் அமுங்கியிருந்தது. யாரோ பிடித்ததுபோல, விரல் விரலாக. அவள் கைகள் இரண்டும் அதன் வயிற்றடியில்தான் இருந்தன.

மோட்டாரை நிறுத்திவிடலாம். நிறுத்தினால் ஊசி.

“யாரா இருந்தாலும் சரி,” என்று தண்ணீரிடம் கிசுகிசுத்தாள். “விட்டுடாதே.”

பெரியவர் நடந்தார். தொட்டியிலிருந்து சரிவுப்பலகையில் இறங்கி, தள்ளாடி, தானாகவே சொந்தக்காரரிடம் போனார். ஈர ரோமத்தில் எந்த அமுக்கமும் இல்லை.

“நீங்க நல்லா இருக்கணும்மா,” என்று சொல்லிவிட்டு அவர் நாயோடு கிளம்பினார். கதவு சாத்திக்கொண்டது.

தொட்டிக்குள்ளேயே எழுந்து மோட்டாரை அணைத்தாள். பட்டை நின்றது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும்.

கால் வரவில்லை.

கணுக்காலில் சில்லென்று விரல்கள்.

“விடு,” என்றாள். அது அவள் முதலில் சொன்ன ‘விட்டுடாதே’யைத்தான் கேட்டது.

அவளுடைய இடது பாதம் தானாக எழுந்தது. விரல் மடங்காமல், பக்குவமாக, அவள் வைப்பதைப் போலவே பதிந்தது. பிறகு வலது. தொட்டியின் கண்ணாடி நெருங்கியது. முட்டி இடித்தது. நெற்றி இடித்தது.

இடது பாதம் மறுபடி எழுந்தது.