எட்டு பீரங்கி, ஒன்பது மூச்சு

ஓடிக்கொண்டிருந்தது எட்டு பீரங்கி. வெண்டலுக்குக் கேட்டது ஒன்பது.

முதலில் தன் காதைத்தான் சந்தேகப்பட்டான். பத்தொன்பது வருடம் பனி ஊதும் பீரங்கிகளுக்குப் பக்கத்தில் நின்ற காது அது. போன மாதம் டாக்டர் அதற்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, குடிவந்தவர்கள் நாசம் பண்ணிவிட்டுப் போன வீட்டைப் பார்ப்பதுபோல் உதட்டைப் பிதுக்கினார். மனைவி கூப்பிட்டால் கேட்காத அந்தக் காது, பீரங்கி விஷயத்தில் மட்டும் தப்பியதில்லை. மூன்றாம் எண் விசிலடிக்கும். ஐந்தாம் எண் பீடி குடித்த கிழவன் மாதிரி இருமும். எட்டாம் எண், தகரக் கூரையில் கொட்டும் மழை. எட்டும் வெளியே ஊதின.

ஒன்பதாவது உள்ளே இழுத்தது. நீளமாக, ஈரமாக. நிறுத்தியது. மறுபடி இழுத்தது.

நவம்பர் முழுக்க வெர்மான்ட்டில் மழைதான் பெய்தது. வெள்ளிக்கிழமை பனிச்சறுக்கு ஆட வருபவர்களுக்கு மலையைத் திறந்தாக வேண்டும். சரிவிலோ பசும்புல்லும் சேறும். நேற்றுதான் குளிர் இறங்கியது, அதுவும் இரண்டே நாளைக்கு. அதற்குள் குளத்துத் தண்ணீரையும் காற்றையும் சேர்த்து அடித்து, ஒரு பக்கத்தையாவது வெளுத்துவிட வேண்டும். ஒவ்வொரு பீரங்கிக்கு முன்னாலும் வீடு உயரத்துக்குக் குவியல் எழும்பியிருந்தது. எங்கள் மலையில் அதற்குத் திமிங்கிலம் என்று பேர். புதுத் திமிங்கிலத்தின் மேல் யாரும் ஏறமாட்டோம். தண்ணீர் வடிந்து இறுக இரண்டு நாளாகும். அதற்கு முன் கால் வைத்தால் இடுப்புவரை விழுங்கும்.

மணி ஐந்துகூட ஆகவில்லை, இருட்டிவிட்டது. வெண்டல் வழக்கம்போல் கையை நீட்டி, விழும் பனியைக் கோட்டுக் கையில் பிடித்துப் பார்த்தான். நல்ல பனியென்றால் கையில் பட்டுத் துள்ளி ஓடும். இது துள்ளவில்லை. ஒட்டிக்கொண்டது. விரலால் வழித்தபோது வெதுவெதுப்பாக இருந்தது.

"மாப்ளே!" வால்வுப் பெட்டிக்குப் பின்னால் குனிந்திருந்தவனின் காதருகே போய்க் கத்தினான். "உனக்கு எத்தனை சத்தம் கேக்குது?"

ரெமி நிமிர்ந்தான். வெண்டலின் தங்கை ஒடீலைக் கட்டியவன். குட்டையான ஆள், வாய் மட்டும் ஆறடி. "ஒண்ணுதான் மச்சான். உங்க வயிறு."

"விளையாடாதடா. எட்டுக்கு மேல ஏதோ இழுக்குது."

"எட்டாம் நம்பர் ஹோஸ் உறைய ஆரம்பிச்சிருக்கு, அதான் மூச்சு வாங்குது. நான் போய் மாத்திட்டு வரேன். நீங்க தண்ணிய நிறுத்துங்க. இந்த உடம்போட நீங்க மேல ஏறி நான் உங்களச் சுமந்து இறக்கணும்னா, தனியா சம்பளம் பேசணும்."

வெண்டல் சிரித்தான். ஆனாலும் அவன் தோளைப் பிடித்து நிறுத்தி, ஹெல்மெட்டின் தாடைப் பட்டையை இறுக்கிவிட்டான். இந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டதே வெண்டல்தான். ஒடீலுக்கு ஜனவரியில் குழந்தை பிறக்கும். "அவருக்கு ஒண்ணுன்னா என் மூஞ்சியிலயே முழிக்காதண்ணே" என்று ஒடீல் சொல்லியிருந்தாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லும் ரகமில்லை.

ரெமி புகைமூட்டமாய்ப் பறந்த பனிக்குள் ஏறினான். கொஞ்ச தூரம் அவன் ஹெல்மெட் விளக்கு ஆடி ஆடிப் போனது. பிறகு காணவில்லை.

பீரங்கிச் சத்தத்தில் வாக்கிடாக்கி உதவாது. எங்களுக்கு விளக்குதான் வாய். பக்கவாட்டில் இரண்டு வீச்சு: திற. வட்டம்: மூடு. மேலே இருப்பவன் ஹோஸை மாட்டிப் பூட்டி, தள்ளி நின்று இரண்டு வீச்சு காட்டாமல், கீழே இருப்பவன் வால்வைத் தொடக்கூடாது. அழுத்தம் அப்படி. பூட்டாத ஹோஸுக்குள் தண்ணீர் வந்தால் அதன் இரும்புத் தலை குதிரைபோல் உதைக்கும்.

வெண்டல் எட்டாம் வால்வை மூடி, அதைப் பிடித்தபடி நின்றான். கையுறையில் டீசல் வாடை. அதற்கடியில் வேறொரு வாடை, வடிந்த குளத்தின் அடிச்சேற்று வாடை.

விளக்கு தெரிந்தது. பக்கவாட்டில் ஒரு வீச்சு. இன்னொன்று.

உயரமாகத் தெரிந்தது. ரெமி நிற்கும் இடத்தைவிட மிக உயரத்தில், எட்டாம் திமிங்கிலத்தின் உச்சியில். குட்டையன் எதன் மேலோ ஏறி நின்று வித்தை காட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டான் வெண்டல். பசி. குளிர். வீட்டில் மானிறைச்சி வறுவல் காத்திருந்தது.

திறந்தான்.

குழாய் கையடியில் அதிர்ந்தது. மேலே ஏதோ டமாரென்று அடித்தது, மறுபடி அடித்தது, சதையில் அடித்தது. அத்தனை இரைச்சலையும் கிழித்துக்கொண்டு ஓர் அலறல் வந்தது.

விளக்கு மட்டும் அசையவில்லை.

வெண்டல் எட்டாம் வால்வை மூடினான். மெயின் வால்வையும் மூடினான். பீரங்கிகள் ஒவ்வொன்றாய் விக்கி, துப்பி, அடங்கின. எட்டும் அடங்கின.

ஒன்பதாவது அடங்கவில்லை.

நாலுகாலில் ஏறினான். ரெமி மல்லாந்து கிடந்தான். முழங்காலுக்குக் கீழே கால் பக்கவாட்டில் மடங்கி, கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே நின்றது. ரத்தம் கொட்டக் கொட்டப் பனி அதைக் குடித்தது. ஊறவில்லை. குடித்தது.

"ஏன் மச்சான் தொறந்தீங்க?" ரெமியின் பல் அடித்துக்கொண்டது. "இன்னும் பூட்டவே இல்ல."

"நீதானடா விளக்கு காட்டுன! ரெண்டு தடவ!"

"விளக்கு ஏறும்போதே செத்துருச்சு."

அவன் ஹெல்மெட்டில் விளக்கு இருட்டாக இருந்தது. வெண்டல் நிமிர்ந்து பார்த்தான். திமிங்கிலத்தின் உச்சியில், யாரும் நிற்க முடியாத அந்த உச்சியில், வெளிச்சம் அவர்களைப் பார்த்துச் சாய்ந்தது. அணைந்தது.

வாக்கிடாக்கியில் கத்தினான். ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் என்றார்கள். மேலே பனி சரசரத்தது. யாரோ படுக்கையில் புரண்டு எழுவதுபோல். இருபது நிமிடம் இங்கே இருக்க முடியாது. கீழே நூற்றைம்பது அடியில் கொட்டகை, கதவு, பூட்டு. ரத்தம் நிற்கட்டும் என்று தன் பெல்ட்டைக் கழற்றி ரெமியின் தொடையில் இறுகக் கட்டினான். ரெமியின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டு இறங்கினான். திரும்பிப் பார்க்க வழியில்லை. அடிவைக்கும் இடமெல்லாம் கண்ணாடியாய் உறைந்திருந்தது.

"பேசிட்டே வாடா. தூங்கிடாத. குழந்தைக்குப் பேர் வெச்சாச்சா?"

"பையன்னா... உங்க பேருதான்."

"ஐயோ பாவம்டா அது. பள்ளிக்கூடத்துல அடிப்பாங்க." கண்ணில் நீர் முட்டி, இமையிலேயே உறைந்தது. "மன்னிச்சிரு மாப்ளே. நான் பாத்துத் தொறந்திருக்கணும்."

"விடுங்க மச்சான். நீங்க எப்பத்தான்..."

பின்னால் வெடுக்கென்று நின்றது. ஏதோ மாட்டிக்கொண்டது. உடைந்த கால் வேலிக் குச்சியில் சிக்கியிருக்கும். வெண்டல் இழுத்தான். அந்தப் பக்கமும் இழுத்தது. ரெமி கத்தத் தொடங்கினான். முடிக்கவில்லை. வெண்டல் இரண்டு கையாலும், முழு எடையோடும், அழுதுகொண்டே இழுத்தான். கோழித் தொடையைத் திருகிப் பிய்க்கும்போது வரும் சத்தம் வந்தது. பிறகு எடை லேசானது.

"வந்துட்ட. வந்துட்டடா. வலிக்குதா?"

பனி உராயும் சத்தம். எடை மறுபடி கூடியது. கொஞ்சம் கொஞ்சமாக.

"வலிக்குதா," என்றது ரெமியின் குரல்.

"இன்னும் அம்பது அடிதான்."

"அம்பது அடிதான்."

வெண்டல் இன்னும் வேகமாக இழுத்தான். திரும்பவில்லை. கை கையில்தான் இருந்தது. கல்யாண மோதிரம் உள்ளங்கையில் அழுத்தியது. மயக்கத்தில் உளறுகிறான். அவ்வளவுதான். ரத்தம் போனால் அப்படித்தான் உளறுவார்கள்.

"ஒடீல் என்னக் கொல்லப்போறா, மாப்ளே."

நீளமாக, ஈரமாக, ஒரு மூச்சு உள்ளே இழுத்தது. அவன் பின்கழுத்துக்கு மிக அருகில்.

"ஒடீல்," என்றது குரல். புதுப் பண்டத்தை நாக்கில் வைத்துப் பார்ப்பதுபோல்.

கொட்டகை. கதவு. தலைக்கு மேல் மஞ்சள் பல்பு.

வெண்டல் திரும்பினான்.

கையில் ரெமியின் கை இருந்தது. தோள்வரை இருந்தது. அங்கே சதை நார் நாராய்ப் பிய்ந்து, ஒவ்வொரு நாரும் பனிக்குள் போயிருந்தது. ரெமியின் கோட்டு புடைத்து நின்றது, உள்ளே முழுக்கப் பனி, இளஞ்சிவப்பாக. ஹெல்மெட்டுக்குள்ளும் பனி. அது இறுகிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து யாரோ கட்டைவிரலால் அமுக்கியதுபோல் இரண்டு குழி விழுந்தது. அதற்குக் கீழே பற்கள், ரெமியின் பற்கள், ஒவ்வொன்றாய் மேலே மிதந்து வந்தன. வரிசை தப்பி நின்றன. நகர்ந்து, சரியான வரிசைக்கு வந்தன.

வெண்டல் தன் விரல்களை விரித்தான்.

அந்தக் கை விரிக்கவில்லை.