முன்னறையில் யாரோ தங்கியிருக்கிறார்கள்

“நீங்க கூப்பிட்ட ஆளு. நீங்களே அனுப்பி வைங்க. இல்லேன்னா நான் கிளம்பறேன்” என்று சுபத்ரா கத்தியது தெருமுனை இஸ்திரி வண்டி வரைக்கும் கேட்டது.

“மெதுவா பேசு. கெஸ்ட் இருக்காங்க” என்றார் அவள் கணவர் மோகன்ராஜ்.

கெஸ்ட் இருந்தது உண்மைதான். வினிதா என்கிற ஐடி கம்பெனிப் பெண், வாசலில் ஒற்றைச் செருப்போடு காருக்குக் காத்துக்கொண்டிருந்தாள். மதில் சுவருக்கு இந்தப் பக்கம் நானும் இருந்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்களை யாரும் தப்பாக நினைப்பதில்லை.

மோகன்ராஜுடையது மாடம்பாக்கத்தில் வயலையெல்லாம் மனை போட்டு விற்றுத் தீர்த்த குடும்பம். மிச்சம் ஒரு பழைய ஓட்டு வீடு. அதிலும் பாதி, அவரைத் தூக்கி வளர்த்த அத்தை செல்லியம்மாளுடையது. மோகன்ராஜ் ஏதோ நட்சத்திர ஓட்டலில் நடந்த வகுப்புக்குப் போனார். திரும்பி வரும்போதே விருந்தோம்பல் மேதையாகிவிட்டார். வாசலில் பித்தளை உருளி, அதில் பிளாஸ்டிக் தாமரை, மேலே ‘அத்தை வீடு ஹோம்ஸ்டே’ என்று பலகை. அத்தை இருந்த முன்னறையில்தான் காற்று வரும் என்பதால் அது வாடகைக்குப் போனது. அத்தை பின்கட்டில் ஜெனரேட்டருக்குப் பக்கத்துக்குப் போனாள்.

தொழிலில் தனித்துவம் வேண்டுமாமே, அதற்கு அவர் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று. விருந்தினர் கிளம்பும்போது அவரும், வரவேற்பு மேஜை ரோஸியும், சமையல் முனியம்மாவும் வரிசையாக நின்று கைகூப்பி “போய்ட்டு வாங்க” என்று கோரஸ் பாடுவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கண்கலங்கி வீடியோ எடுப்பார்கள். இணையத்தில் ஐந்து ஐந்தாக நட்சத்திரங்கள் கொட்டின. பால் பாக்கெட் போடுகிறவரிடமும் மோகன்ராஜ் அதையே சொன்னார். நாக்கு பழகிவிட்டது.

ஒரு முகூர்த்த நாள் காலையில் அத்தை செத்துப்போனாள். மதியம் கல்யாணக் கூட்டம் ஒன்று மொத்த வீட்டுக்கும் வருவதாக இருந்தது. அதற்குள் வாசலைக் கழுவியாக வேண்டுமே! குளிப்பாட்டியதும் தெரியவில்லை, தூக்கியதும் தெரியவில்லை. பாடை கேட்டைத் தாண்டியபோது, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கல்யாணக்காரர்களுக்குச் சிவன் கோவில் பக்கம் வழி சொல்லிக்கொண்டிருந்த மோகன்ராஜ், தன்னையறியாமல் கைகூப்பினார்.

“போய்ட்டு வாங்க, அத்தை.”

மேளம் நின்றது.

சாவு வீட்டுக்கு வருகிறவரை ‘வா’ என்பதில்லை. கிளம்புகிறவரும் ‘வருகிறேன்’ என்பதில்லை. இது தெருவில் விளையாடுகிற பிள்ளைகளுக்கும் தெரியும். மேதைகளுக்குத்தான் தெரியாது.

முதலில் வந்தது வாசனை. முன்னறையில் அத்தை தேய்த்துக்கொள்ளும் கோடாலித் தைலம். ரோஸி ஜன்னல்களைத் திறந்தாள், சாம்பிராணி போட்டாள். புகை அடங்கியதும் தைலம் மறுபடி மெல்ல எழும்பியது, உலராத துணியின் வாடையோடு. அப்புறம் சத்தம். தெருவே கண்ணயரும் நடுப்பகலில், தரையில் கால் தேய்த்து நடக்கிற சத்தம். பின்கட்டிலிருந்து கிளம்பி, கூடத்தைக் கடந்து, முன்னறைக் கதவருகே வந்து நிற்கும்.

தட்டாது.

கதவுக்கடியில் இரண்டு பாதங்களின் நிழல் மட்டும் தெரியும்.

வினிதா அன்று மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தாள். கால்மாட்டில் மெத்தை அமுங்கியது. யாரோ உட்கார்ந்த மாதிரி. அவள் கண்ணைத் திறக்கவில்லை. காதோரம் தைல வாடை.

“எப்பம்மா காலி பண்றே?”

அதற்குப் பிறகுதான் ஒற்றைச் செருப்பும், நான் சொன்ன சண்டையும்.

சுபத்ரா கேட்டது பெரிய விஷயமில்லை. அத்தையிடம் வாய்விட்டு ‘போங்க’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த வார்த்தையே நம்ம பிராண்டில் கிடையாது என்றாராம் அந்த மகானுபாவர். ஆனால் வினிதா ஊரெல்லாம் எழுதிவிட்டாள். அந்த வாரமே எல்லா அறையும் காலி. இதற்கு மேல் பிராண்டைக் கட்டிக்கொண்டு அழ முடியாது. தொழிலும் போகும், சுபத்ராவும் போவாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் மோகன்ராஜ் முன்னறை வாசலில் போய் நின்றார். பின்னால் சுபத்ராவும் ரோஸியும். கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் நானும்.

“போங்க, அத்தை.”

குரல் பாதியிலேயே உள்ளே போனது. வீடு ஓசையற்றுக் கிடந்தது. மின்விசிறிகூட நின்றுவிட்டது.

கட்டில் கிரீச்சிட்டது.

தரையில் கால் தேய்ந்தது. ஒரு முறை. இன்னொரு முறை.

தாழ் போடாத கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே வெறும் இருட்டு.

“எங்கடா போறது? இது என் வூடு.”

கோபமே இல்லாத குரல்.

“நீ ஏன் வாசல்லயே நிக்கிறே? உள்ள வா.”

அத்தனை விருந்தினரை அழைத்த மனிதர், தன்னை ஒருவர் அழைத்ததும் எங்கள் வீட்டு மதிலைத் தாண்டிக் குதித்து ஓடினார்.

மறுநாளே சுபத்ரா பொத்தேரியில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே கல்லூரிப் பெண்களுக்கு ஹாஸ்டல் நடத்துகிறாள், நன்றாகவே ஓடுகிறது. ரோஸி படகு இன்ஜின் மெக்கானிக் ஜெரோமைக் கட்டிக்கொண்டு கோவளம் போனாள். முனியம்மா இந்தத் தெருவுக்கே வருவதில்லை. மோகன்ராஜ் மேடவாக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் குடியிருந்துகொண்டு, ஹோம்ஸ்டே நடத்தி ஜெயிப்பது எப்படி என்று வகுப்பு எடுக்கிறாராம். கேட்கவும் நாலு பேர் போகிறார்களாம்.

வீடு பூட்டிக் கிடக்கிறது. கரண்ட் இணைப்பும் இல்லை. விளம்பரத்தை மட்டும் அவர் இன்னும் இணையத்திலிருந்து எடுக்கவில்லை. பொழுது போகாதபோது போனில் எடுத்துப் பார்ப்பேன். மற்ற அறைகள் என்றைக்கும் கிடைக்கும். முன்னறைக்கு மட்டும், எந்தத் தேதியைத் தட்டினாலும், ஆள் இருப்பதாகக் காட்டுகிறது.