தலையா, குவாட்டர்ஸா?

இருபத்தோராம் பிளாக் பிள்ளைகளின் கிரிக்கெட்டில் ஒரு சட்டம் உண்டு. பேட் கொண்டு வந்தவனுக்கு அவன் டீமில் முதல் பேட்டிங். பந்து கொண்டு வந்தவனுக்கு முதல் பவுலிங். ஒன்றும் கொண்டு வராதவன், கருவேல முள்ளுக்குள் போகும் பந்தைப் பொறுக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று கேட்காதீர்கள். பேட் வைத்திருந்தவன்தான் போட்டிருப்பான்.

எந்த டீம் முதலில் ஆடுவது என்று டாஸ் போடுவது அதைவிடக் கூத்து. எல்லா வீட்டிலும் பணம் போனுக்குள் போய்விட்டதால், யார் பாக்கெட்டிலும் காசு இல்லை. ஓர் ஓட்டுச் சில்லின் ஒரு பக்கத்தில் எச்சில் தொட்டு மேலே வீசுவார்கள். ஈரமா, காய்ச்சலா? நெய்வேலி வெயிலில் அது கீழே வருவதற்குள் இரண்டு பக்கமும் காய்ந்துவிடும். பிறகு அரை மணி நேரம் சண்டை.

அருளுக்கு எட்டு வயது. லீவு விட்ட நாளிலிருந்து அவன் பொறுக்கிய பந்துகளுக்கும் காலில் ஏறிய முட்களுக்கும் அளவே இல்லை. ஆனால் பேட்டை ஒரு தடவைகூடப் பிடித்ததில்லை.

அவனுடைய அம்மா தனம், பிளாக் முனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தார். அக்கா மலர்விழி ஏழாம் வகுப்பு. லீவு நாளில் மூன்று பேரும் மந்தாரக்குப்பத்திலிருந்து காலையிலேயே வந்துவிடுவார்கள்.

அந்த வாரம் நல்லசாமி சார் ரிட்டயர் ஆகி குவாட்டர்ஸைக் காலி செய்தார். லாரியில் ஏறாத சாமான்களை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டுப் போனார். அருளுக்கு ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே சட்டைப் பொத்தான்கள், சாவி இல்லாத ஒரு பூட்டு, மூடி இல்லாத பேனாக்கள். அடியில் ஒரு வெளிநாட்டுக் காசு.

அதைப் பார்த்ததும் வெங்கடேஷின் கண் விரிந்தது. வெங்கடேஷ் மலர்விழியின் வகுப்பு. பழைய காசு, வெளிநாட்டுக் காசு சேர்ப்பவன். முக்கியமாக, அந்த பிளாக்கின் ஒரே பேட்டுக்குச் சொந்தக்காரன்.

"டேய், இது அமெரிக்கா அஞ்சு சென்ட்டுடா! இந்த எழுத்தைப் பாரு!"

ஒரு பக்கம் ஓர் ஆளின் தலை. மறுபக்கம் தூணும் படிக்கட்டும் வைத்த ஒரு கட்டடம்; பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு குவாட்டர்ஸ்தான். கட்டடத்துக்குக் கீழே எழுத்தெல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்தது.

"ஐயோ, எனக்குக் கண்ணு கெட்டுப்போச்சா?" என்றான் அருள்.

"உன் கண்ணு நல்லாத்தான் இருக்குது. காசு அடிக்கிற அச்சைச் செய்யும்போதே எழுத்து ரெண்டு தடவை பதிஞ்சிருக்கு. அவங்க பண்ணின தப்பு."

"தப்பான காசா? அப்ப செல்லாதா?"

"தப்பா இருக்கிறதாலதான் கிராக்கியே! என் பேட்டைத் தரேன். காசைத் தரியா?"

அருளுக்குத் தலை சுற்றியது. பேட்! முதல் பேட்டிங்! "இந்தா, புடி" என்று காசை நீட்டிவிட்டான்.

"இரு, இரு. மார்க் தெரியணும்."

காசுக்கு மார்க்கா? வெங்கடேஷ் அப்பாவின் போனில் காட்டினான். அமெரிக்காவில் இதற்கென்றே கம்பெனி இருக்கிறதாம். காசை அனுப்பினால் எழுபதுக்கு மார்க் போட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துத் திருப்பி அனுப்புவார்களாம். துளியும் தேயாத காசுக்கு அறுபதும் அதற்கு மேலும். தேய்ந்ததற்கு அதற்குக் கீழே.

"அங்க அனுப்ப நிறைய செலவாகும். அதனால எத்தனை வரும்னு நாமளே முன்னாடி மதிப்புப் போட்டுப் பாக்கணும். அறுபது வந்தா பேட் உனக்கு. இல்லாட்டி இல்ல."

"யாரு மார்க் போடறது?"

"உங்க அக்காதான்" என்றான் வெங்கடேஷ்.

அது ஏன் என்று அந்த பிளாக்குக்கே தெரியும். மலர்விழிக்குக் கள்ளாட்டம் ஆகாது. அம்பயராக நின்ற ஓர் ஆட்டத்தில், பந்து தன் மேல் பட்டு நின்றதற்குத் தன்னையே திட்டிக்கொண்டவள் அவள்.

மலர்விழி போனை வாங்கி, எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் படித்தாள். பிறகு சயின்ஸ் கிட்டில் வந்த லென்ஸை எடுத்தாள்.

"விளிம்புல புடிடா! வடையைப் புடிக்கிற மாதிரியா புடிப்ப? விரல் பட்டாக்கூட மார்க் குறையும்."

காசிலிருந்த ஆளின் கன்னத்தைப் பார்த்தாள். தலைமுடியைப் பார்த்தாள். புரட்டி, படிக்கட்டைப் பார்த்தாள்.

"இந்த குவாட்டர்ஸ்ல படிதான் முக்கியம். படி படியாத் தெளிவாத் தெரிஞ்சா நல்ல மார்க். இதுல ரெண்டு படி மழுங்கின மாதிரி இருக்குது. ஆனா அது தேய்மானமா, அடிக்கும்போதே அழுந்தாம விட்டதான்னு தெரியல. பளபளப்பையும் பாக்கணும். பொழுது சாயுது. நாளைக்குக் காலை வெயில்ல பாத்துதான் சொல்வேன்."

"அறுபது வருமாக்கா?" என்றான் அருள்.

"நாளைக்கு."

அருளின் காதில் ஒரே ஒரு சொல் மட்டும் ஒட்டிக்கொண்டது. பளபளப்பு.

அன்று வெள்ளிக்கிழமை. வீட்டில் அம்மா குத்துவிளக்கு தேய்த்துக்கொண்டிருந்தார். மலர்விழி தண்ணீர் பிடிக்கத் தெருக்குழாய்க்குப் போயிருந்தாள். அருள் மெல்லக் காசோடு போய் உட்கார்ந்தான்.

"அம்மா, இதுவும் பளபளன்னு ஆகுமா?"

அதைத் தனத்திடம் கேட்கலாமா? காற்றடித்தால் வீடெல்லாம் தூசி படியும் ஊரில், கண்ணில் பட்டதையெல்லாம் துடைத்தே பழகியவர் அவர்.

"என்னடா கேள்வி? இவ்ளோ அழுக்கா வச்சிகினு இருக்கியே, குடு!"

புளி. விபூதி. தேங்காய் நார். கொஞ்சம் புளி. மறுபடியும் நார். காசு பாவம், வாயிருந்தால் கத்தியிருக்கும்.

மறுநாள் காலை மைதானத்தில் அருள் கையைத் திறந்தான். எல்லோருக்கும் கண் கூசியது.

"அடேங்கப்பா!" என்று குதித்தான் வெங்கடேஷ். "எழுபதுக்கு எழுபதுடா! இந்தா, பேட்டைப் புடி!"

பேட் அருளின் கைக்கு வந்துவிட்டது. அவன் அதைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டான்.

மலர்விழி மட்டும் சிரிக்கவில்லை. லென்ஸை வைத்துப் பார்த்தாள். காசு முழுக்க மெல்லிய கீறல்கள். எல்லாம் ஒரே பக்கமாக, சீப்பு வைத்து வாரியது போல.

"அருளு, இத என்னடா பண்ணின?"

"நான் ஒண்ணும் பண்ணலக்கா."

"உண்மையச் சொல்லு."

"ஒண்ணுமே பண்ணல. புளி மட்டுந்தான்."

"புளி மட்டும்?"

"புளி, விபூதி, தேங்கா நாரு மட்டுந்தான். அம்மாதான் தேச்சாங்க."

மலர்விழி தலையில் கை வைத்துக்கொண்டாள். "தேச்ச காசுக்கு அங்க மார்க்கே போட மாட்டாங்கடா. 'தேய்ச்சிருக்கு'ன்னு எழுதி அனுப்பிடுவாங்க."

"மலரு, பரவால்ல" என்றான் வெங்கடேஷ் அவசரமாக. காசின் மினுமினுப்பிலிருந்து கண்ணை எடுக்க அவனால் முடியவில்லை. "எனக்கு இது புடிச்சிருக்கு. சும்மா அறுபதுன்னு சொல்லிடேன்."

இதோ, ஒரே ஒரு சொல். சொன்னால் தம்பிக்கு பேட். யாரும் கேட்கப்போவதில்லை. அருள் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய முழங்காலில் பழைய முள் கீறல்கள். அதையும் அவள் பார்த்தாள்.

"மார்க் இல்ல. உன் பேட்டை வாங்கிக்க, வெங்கடேஷ்."

அருள் வீறிட்டான். "நீ எனக்கு அக்காவா, அவனுக்கு அக்காவா?"

"உனக்குத்தான். லென்ஸுக்குத் தம்பி கெடையாது."

பேட் திரும்பிப் போனது. அருள் காசை மண்ணில் வீசிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு முள்வேலிப் பக்கம் போய் நின்றான்.

ஆட்டம் தொடங்க வேண்டுமே. ஓட்டுச் சில்லில் எச்சில் தொட்டு மேலே வீசினார்கள்.

"ஈரம்!"

"எங்கடா ஈரம்? காய்ச்சல்!"

"உன் எச்சில்ல ஈரமே இல்ல!"

வழக்கமான சண்டை. மலர்விழி குனிந்து காசை எடுத்தாள். நேற்று இதை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும் என்று தம்பியைத் திட்டினாள். இன்று இதோ, மண்ணிலேயே விழுந்து கிடந்தது. ஒன்றும் ஆகவில்லை. இனி ஆகவும் ஒன்றுமில்லை.

அவள் முகம் மலர்ந்தது.

"டேய், நிறுத்துங்க! பேட் கொண்டாந்தவனுக்கு என்ன?"

"முதல் பேட்டிங்."

"பந்து கொண்டாந்தவனுக்கு?"

"முதல் பவுலிங்."

"டாஸ் போடக் காசு கொண்டாந்தவனுக்கு?"

அப்படிச் சட்டமே இல்லை. அந்த மைதானத்துக்கு யாரும் காசு கொண்டு வந்ததே இல்லை.

"ஒரு பக்கம் தல. ஒரு பக்கம் குவாட்டர்ஸ். எச்சில் வேணாம். வெயில்ல காயாது. கீழ விழுந்தா அடிபடுமேன்னு பயமும் வேணாம், எங்கம்மாவே அடிச்சிட்டாங்க. என்ன தரீங்க?"

வெங்கடேஷ் தலையைச் சொறிந்தான். சில்லைப் பார்த்தான். காசைப் பார்த்தான். "சரி. ரெண்டாவது பேட்டிங்" என்றான்.

"தினமும்."

"தினமுந்தான், தாயே!"

முள்வேலிப் பக்கமிருந்து ஒரு மூக்குறிஞ்சல் சட்டென்று நின்றது.

மலர்விழி காசைச் சுண்டினாள். அது வெயிலில் தகதகவென்று சுழன்று ஏறியது.

"தலையா, குவாட்டர்ஸா?"

"குவாட்டர்ஸ்!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தான் அருள்.

குவாட்டர்ஸ்தான் விழுந்தது; அருளும் வெங்கடேஷும் இருந்த டீமுக்கு பேட்டிங். யாரும் சண்டை போடவில்லை. போட வழியே இல்லை.

வெங்கடேஷ் அவுட் ஆக வெகுநேரமாகவில்லை. அருள் பேட்டைப் பிடித்தான். முதல் பந்து காற்றில் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதை, கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி விட்டான். பந்து முள்வேலியைத் தாண்டி, சாலையைத் தாண்டி, இஸ்திரி வண்டிக்கு அடியில் போய் விழுந்தது.

"சிக்ஸர்!"

தனம் குனிந்து பந்தை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுளித்தது.

"எவ்ளோ அழுக்குடா இது! இருங்க, ரெண்டு நிமிஷம். நல்லா தேச்சுக் குடுக்கறேன்."

"அம்மா, வேணாம்!" என்று அலறியபடி பேட்டும் கையுமாக ஓடினான் அருள். அவனுக்கு முன்னால் மலர்விழி ஓடிக்கொண்டிருந்தாள்.