மணிக்கட்டைப் பிடித்தவள்

"கையைத் தாங்கோ எண்டுதானே சொன்னனான்! மணிக்கூட்டைக் கடலுக்குள்ள போடச் சொன்னனானோ?"

ரஜீவனுக்குக் கோபம் வந்தது நியாயம்தான். மூதூர்ப் படகை ஓட்டுகிறவன் அவன். எத்தனையோ பேருக்குக் கை கொடுத்து ஏற்றியிருக்கிறான். எல்லோரும் உள்ளங்கையைத்தான் பிடிப்பார்கள். இவள் மட்டும் எட்டி மணிக்கட்டைப் பிடித்தாள். என்ன பிடி அது! பட்டி அறுந்து, மணிக்கூடு 'பொளக்' என்று துறைமுகத் தண்ணீருக்குள் போயே போய்விட்டது.

"எங்கட குடும்பத்தில இப்பிடித்தான் பிடிக்கிறது," என்றாள் அவள். ஒரு மழைத்துளி அவள் இமையில் நின்றது... விழவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு. "உள்ளங்கை வேர்க்கும், வழுக்கும். மணிக்கட்டு வழுக்காது."

"அப்பிடி என்ன குடும்பம்?"

மூதூரில் ஒட்டக் கொண்டுபோன போஸ்டர்ச் சுருளை அவள் விரித்துக் காட்டினாள். ஊஞ்சலை விட்டு அந்தரத்தில் பறக்கும் ஒரு பெண். அதே கண்கள்! சப்ரினா... ஓர்ஸ் ஹில் பக்கம் கூடாரம் அடித்திருக்கும் சர்க்கஸ்காரி. நாலு தலைமுறையாக அந்த வீட்டுப் பெண்கள் பறக்கிறார்கள்.

ரஜீவனின் கோபம் எங்கே போனது? மணிக்கூட்டோடு அதுவும் கடலுக்குள் விழுந்திருக்க வேண்டும்.

அன்று பின்னேரமே அவன் கூடாரத்தில், முதல் வரிசைக் கதிரையில். மறுநாளும். அதற்கடுத்த நாளும்... எதிர் ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கும் அவளுடைய அண்ணன் ஜக்சன் "விடு!" என்பான். அவள் விடுவாள். ஒரு கணம் யாருடைய கையிலும் இல்லாமல்... பிறகு மணிக்கட்டோடு மணிக்கட்டு. அந்த ஒரு கணத்தில் ரஜீவனுக்கு உயிர் போய்ப் போய் வந்தது.

காட்சி முடிந்தால் கடற்கரையில் கச்சான் கடலை கொறித்தபடி கதை, சிரிப்பு. சப்ரினாவுக்கும்... என்ன இது, மேலே ஏறும்போதே கண் தானாக அந்தக் கதிரையைத் தேடுகிறதே!

எல்லாம் நல்லாய்த்தான் போனது. அவன் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"கலியாணம் கட்டினா ஊஞ்சலை விட்டிடுவீங்கள்தானே?"

அவள் முகம் மாறிவிட்டது. "எங்கட வீட்டில 'விடு' எண்டு ஆர் சொல்லலாம் தெரியுமோ? பிடிக்க நிக்கிறவர் மட்டும்தான். அம்மாவுக்கு அப்பா சொன்னவர். எனக்கு அண்ணா சொல்றார். நீங்கள் கதிரையில இருந்துகொண்டு சொல்றீங்கள்!"

"பயத்திலதான் கேட்டனான்..."

"எனக்குப் பயம் இல்லையோ? நாலு தலைமுறையாப் பறந்தது என்னோட நிக்கோணுமோ? போங்கோ... கதைக்க ஒண்டுமில்லை."

அவனும் ரோசக்காரன். போய்விட்டான். அதற்குப் பிறகு அந்தக் கதிரை காலியாகவே கிடந்தது. அவள் பறந்தாள், பிழை விடவில்லை. கீழே இறங்கியதும்தான் அழுகை அழுகையாய் வந்தது.

கூடாரம் பிரித்தாயிற்று. அடுத்தது கந்தளாய். சாமான் ஏற்றிய லொறியில் அவளும் ஏறி நின்றபோது மழை பிடித்தது. நனைந்துகொண்டு ஓடி வந்தான் ரஜீவன்.

"தங்கச்சி, உன்ர கதிரைக்காரர்!" என்று சொல்லிவிட்டு ஜக்சன் நைசாக நழுவினான்.

"ஊஞ்சலை விடவேண்டாம்," என்றான் ரஜீவன், மூச்சிரைக்க. "அம்மாட்டயும் சொல்லிட்டன், வரப்போற மருமகள் பறக்கிறவ எண்டு. 'சாப்பிடவாவது கீழ வருவாவோ' எண்டு கேட்டவ."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"எந்த ஊருக்குப் போனாலும் லீவு எடுத்து வருவன். மேல பிடிக்க எனக்கு ஏலாது, அதுக்கு அண்ணா இருக்கிறார். கீழ இறங்கினாப் பிறகு... பிடிக்க நான் நிக்கலாமோ?"

கையை நீட்டினான். மணிக்கூடு இருந்த இடத்தில் வெயில் படாத வெளிர்க் கோடு இன்னும் தெரிந்தது.

லொறி ஹோர்ன் அடித்தது.

"அப்ப சொல்லுங்கோ," என்றாள் சப்ரினா.

"என்னத்தை?"

"பிடிக்க நிக்கிறவர் சொல்ற சொல்லை."

நீட்டிய கையோடு அவன் இன்னும் கிட்ட வந்தான். "விடு..."

லொறிக் கம்பியைப் பிடித்திருந்த கையை அவள் விட்டாள். குதித்தாள். மணிக்கட்டோடு மணிக்கட்டு.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, ரஜீவன்," என்றாள், கண்ணீரும் மழையும் ஒன்றாய் வழிய. "விட்டிடாதீங்கோ..."