டிசம்பருக்கு ஓர் ஆள்

மராகெஷில் ஒரு பொதுக் குளியல்கூடம். மேலே பெண்கள் வாளியும் சோப்புமாகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். கீழே, பின்சந்தில் இருக்கும் பொந்து போன்ற வாசலில் குனிந்து ஒன்பது படி இறங்கினால், அவர்களுக்கு வெந்நீர் போடும் அடுப்பறை. ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த நேரத்தில், ஃபைஸல் கேமராவையும் ஸ்டாண்டையும் சுமந்துகொண்டு, தலையை இரண்டு தடவை இடித்துக்கொண்டு அங்கே இறங்கினான்.

"குனிஞ்சு வாங்க தம்பி. இந்த வாசலுக்கு மரியாதை குடுக்காதவங்க மண்டையிலதான் புடைப்பு" என்றது இருட்டு.

இருட்டுக்குள் கண் பழகியதும் அடுப்புக்காரர் ஜிலாலி தெரிந்தார். முழங்கால் வரை சாம்பல், வாயில் மூன்று பல், கையில் ஆளுயர மண்வாரி. அவருக்கு எதிரே அடுப்பின் வாய், சிவப்பாகத் திறந்து கிடந்தது. அறையின் மறுகோடியில் சாம்பல் குழி. மேலோட்டமாகப் பார்த்தால் பூனை படுத்துத் தூங்கலாம் போல மெத்தென்ற சாம்பல். ஒரு சாண் தோண்டினால் கனிந்த நெருப்பு. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வந்த கறிச்சட்டிகள் ஏழெட்டு அதில் கழுத்து வரை புதைந்து வெந்துகொண்டிருந்தன. சீரகமும் உப்பில் ஊறிய எலுமிச்சையும் மணத்தன.

ஃபைஸலுக்கு வேண்டியது ஒரே ஓர் ஆள். டிசம்பர் மாதத்துக்கு.

ஒரு வங்கி காலண்டர் போடுகிறது. பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு தொழிலாளிகள், அவரவர் இடத்தில் அவரவர் வேலையில். ஜனவரிக்கு நாவிதர், பிப்ரவரிக்குச் செம்புக் கொல்லர் என்று பதினோரு பேர் ஆகிவிட்டது. மறுநாள் காலை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மொத்த வேலையும் வேறொரு படக்காரனுக்கு. அந்த ஆள் ஏற்கெனவே வங்கி வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"டிசம்பரா? என் மூஞ்சியப் போட்டா சனங்க நவம்பரோட காலண்டரைக் கழட்டிருவாங்களே" என்றார் ஜிலாலி.

"மூஞ்சி வேணாம், மஅல்லம். நீங்க வேலை செய்யறதுதான் வேணும்."

மஅல்லம், அதாவது தொழிலில் ஆசான், என்று கூப்பிட்டால் அந்த ஊரில் எந்தத் தொழிலாளியும் இளகிவிடுவார். ஜிலாலியும் இளகினார். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கேமராத் திரையில் மற்ற மாதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஜூனில் நின்றுவிட்டார்.

"இது தோல் பதனிடுற இடம்தானே?"

"ஆமா. சுண்ணாம்புத் தொட்டி. தோல் அலசுறாரு."

"கையை மேல தூக்கிக்கிட்டு யாரு தம்பி அலசுவா?"

படத்தில் சுண்ணாம்பு நீருக்கு மேலே தெரிந்தவை இரண்டு கைகள் மட்டுமே. ஃபைஸல் சிரித்தான். "அது ஒரு அழகு, மஅல்லம்."

"சுண்டுவிரல் பாதிதான் இருக்கு. இது ஹம்மாதி கை. வியாழக்கிழமையானா எனக்கு அடுப்பு எரிக்கத் தோல் கழிவு ஒரு மூட்டை கொண்டு வருவான். போன மாசம் தொட்டியில தவறி விழுந்து செத்தான்."

"அப்படியா? பாவம்."

அப்படியா என்று கேட்க ஃபைஸலுக்குத் தேவையே இல்லை. அந்தக் கிழவனைத் தொட்டி விளிம்பில் நிறுத்தி, "ஒரே ஒரு அடி பின்னாடி. வெளிச்சம் அங்கதான் நல்லா இருக்கு" என்றவன் அவன்தான். ஹம்மாதி சொன்ன பேச்சைத் தட்டாதவர். ஓர் அடி பின்னால் வைத்தார். உள்ளே ஊறிக்கிடந்த தோல்களில் கால் சிக்கிக்கொண்டது. கைகள் இரண்டும் மேலே வந்தபோது வெளிச்சம் உண்மையாகவே நன்றாக இருந்தது. ஃபைஸல் ஆறு படம் எடுத்தான். அதற்குப் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டான்.

ஜிலாலி கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். மண்வாரியை எடுத்துக்கொண்டார்.

"சரி. நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

சொல்வது எளிது, செய்ய வைப்பதுதான் கஷ்டமாகிவிட்டது. கேமரா சத்தம் கேட்டதும் ஜிலாலி திரும்பி மூன்று பல்லையும் காட்டினார். நாலு தடவை காட்டினார். ஃபைஸலுக்குப் பொறுமை போய்விட்டது.

"யோவ், என்னைப் பார்க்காதய்யா! நான் இங்க இல்லவே இல்லைன்னு நெனச்சுக்க. ஸ்டாண்டை மடக்குற சத்தம் கேட்டாத்தான் திரும்பணும்."

"நீங்க கூப்பிட்டா?"

"கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது."

"கத்தினா?"

"என்ன கத்தினாலும்!"

"அல்லாஹ் மேல ஆணையா?"

"ஆணையாத்தான்யா! வேலையைச் செய்!"

"சரி" என்று ஜிலாலி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

சாம்பல் குழி விளிம்பு வரை நகர்ந்து, அதற்கு முதுகைக் காட்டி, ஃபைஸல் முதல் படம் எடுக்கக் குனிந்தபோது, ஜிலாலிக்குப் பக்கத்தில் சுவரோரம் ஒரு மூட்டை தெரிந்தது. மூட்டைக்குப் பின்னால் ஓர் ஆள். இடுப்பு வரை வெள்ளை வெளேரென்றிருந்தான். சாம்பலாக இருக்கும் என்று ஃபைஸல் நினைத்தான்.

"மஅல்லம், உங்க ஆளைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லுங்க. படத்துல விழுறாரு."

ஜிலாலி மண்வாரியால் மரத்தூளை அள்ளி அடுப்புக்குள் வீசினார்.

ஃபைஸல் தலையை நிமிர்த்திப் பார்த்தான். சுவரோரம் யாருமில்லை. மூட்டையும் இல்லை.

மறுபடி கேமராவில் பார்த்தான்.

இருந்தான். ஓர் அடி முன்னால்.

அறையில் ஒரு வாடை பரவியது. கறிச்சட்டி வாடையை அது மெல்ல மெல்லத் தின்றது. சுண்ணாம்பும் தோல் பதனிடப் போடும் புறா எச்சமும் பச்சைத் தோலும் கலந்த வாடை. மேலே ஒரு பெண் ஏதோ சொல்ல, கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. வாளிகள் உருண்டன.

இரண்டாவது படம் எடுத்தான். அந்த ஆளுக்கு இப்போது மார்பு வரை வெள்ளை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரத்தோல் ஒன்று ஒட்டிக்கிடந்தது.

"மஅல்லம்."

மண்வாரி மரத்தூளில் சரக்கென்று இறங்கியது.

"மஅல்லம், யாரோ இருக்காங்க..."

ஜிலாலி அள்ளினார். வீசினார்.

மூன்றாவது படத்தை ஃபைஸல் எடுக்கவில்லை. பொத்தான் தானாக அமுங்கியது.

திரையைப் பார்த்தான்.

அடுப்பு இல்லை, ஜிலாலி இல்லை. கேமராவின் மேல் குனிந்து, ஒரு கண்ணை மூடி, நாக்கைக் கடித்துக்கொண்டு வேலை செய்யும் ஒரு படக்காரன். அவனேதான். நேர் எதிரே, மூச்சு படும் தூரத்தில் நின்று எடுத்த படம்.

அவன் முகத்துக்கு நேரே காற்று ஈரமாகியது.

சொட்டு. சொட்டு. கேமராவின் மேல் வெள்ளைத் துளிகள்.

"ஒரே ஒரு அடி பின்னாடி" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். மிகவும் பணிவான குரல். "வெளிச்சம் அங்கதான் நல்லா இருக்கு."

ஃபைஸல் ஓர் அடி பின்னால் வைத்தான்.

ஓர் அடியே போதுமாக இருந்தது.

அவன் கத்தியதைப் பற்றி நான் விவரிக்கப் போவதில்லை. படிக்கிறவர்கள் இரவு சாப்பாடு சாப்பிட வேண்டும். முதலில் அல்லாஹ்வைக் கூப்பிட்டான், பிறகு அம்மாவை, பிறகு ஜிலாலியை. மேலே சிரிப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கீழே கேட்க வேண்டியவருக்கு நன்றாகவே கேட்டது. அவர் அள்ளினார். வீசினார். ஒரு தடவை மட்டும் வியர்வையைத் துடைப்பதற்காகக் கொஞ்சம் நின்றார்.

ஸ்டாண்டின் மேல் இருந்த கேமரா, எண்ணெய் காணாத கதவுபோல முனகிக்கொண்டு, குழிப் பக்கமாக மெல்லத் திரும்பியது.

க்ளிக்.

ஆறு தடவை.

பிறகு போலீஸ்காரர் கேட்டார், "இத்தனை பக்கத்துல நின்னும் உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சுங்க."

"அப்புறம் ஏன்யா திரும்பல?"

"என்ன கத்தினாலும் திரும்பாதேன்னு ஆணை வச்சிருந்தாருங்க. ஸ்டாண்டை மடக்குற சத்தம் கேட்டாத்தான் திரும்பணுமாம். கேக்கவே இல்லீங்க."

போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். கேமராப் பொத்தானில் காய்ந்திருந்த சுண்ணாம்பு விரல் தடத்தை ஏனோ எழுதவில்லை. இந்த விசாரணையால் அன்று கறிச்சட்டிகள் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வீடு திரும்பின. அக்கம்பக்கத்தார் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

படங்களை அச்சகத்தில் யார் கொடுத்தது என்று தெரியாது, ஆனால் காலண்டர் நேரத்துக்கு வந்துவிட்டது. டிசம்பர் படம் பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள். சாம்பலுக்கு மேலே இரண்டு கைகள், அவற்றின் மேல் அடுப்பின் செவ்வொளி. அடுப்புக்காரர் சட்டியைத் தோண்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். வங்கி ஜிலாலிக்கும் ஒரு பிரதி அனுப்பியது. அடுப்பறைச் சுவரில்தான் தொங்குகிறது. அதில் ஜூன் மாதத் தொட்டி வெறுமையாக இருக்கிறது. கைகளைக் காணோம்.

வியாழக்கிழமைகளில் படியடியில் ஈரமான தோல் கழிவு மூட்டை ஒன்று வந்து கிடக்கும். யார் வைத்தது என்று ஜிலாலி கேட்பதில்லை. எடுத்து எரித்துவிடுவார். நன்றாக எரிகிறது என்கிறார்.

அவருக்குப் பிடிக்காதது அதற்குப் பின் வருவதுதான். மேலே பெண்கள் சிரிக்கும் நேரம் பார்த்து, குழிப் பக்கமிருந்து ஒரு குரல், கருகிய தொண்டையில், ஆனாலும் அதே அதட்டலோடு கேட்கும்.

"ஒரே ஒரு அடி பின்னாடி, மஅல்லம்."

ஜிலாலி திரும்புவதில்லை, ஆணை ஆணைதான். சும்மா நின்றுவிடலாமென்றால் கால் கேட்பதில்லை, எங்காவது ஓர் அடி வைத்துத்தான் ஆக வேண்டும் என்கிறது. பின்னால் குழி. ஆகவே முன்னால் வைக்கிறார். வைத்த அடியைத் திரும்ப எடுக்கவும் முடியவில்லை. அடுத்த வியாழன் அங்கேயிருந்துதான் ஆரம்பம்.

நேற்று மண்வாரியால் அளந்து பார்த்தார்.

அடுப்பின் வாய்க்கு இன்னும் நாலடி.